வலது இருக்கைக்காரன்

ஒப்துலியா அர்பாயோ பந்தய வண்டியில் வைத்த ஷாக் அப்சார்பர்தான் ஃபெர்மினின் முதுகை உடைத்தது என்று எங்கள் ஊர் ஓஹோஸ் நெக்ரோஸில் முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொல்லாத வாய் என்று ஒன்றுகூடப் பாக்கி இல்லை. பாலாடைக்கட்டி விற்கிறவள் சொன்னாள். வெங்காயத் தோட்டத்தில் நீர் பாய்ச்சுகிறவன் சொன்னான். ஷாக் அப்சார்பர் வண்டிக்கு மேலே இருக்குமா கீழே இருக்குமா என்று தெரியாத பள்ளிக்கூட வாட்ச்மேன்கூட, என்னமோ தானே கழற்றிப் பார்த்த மாதிரி, "பின்னாலே ரொம்ப இறுக்கி வெச்சுட்டாளாம்" என்றான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

முடியாதென்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று சிலர் அவளிடமே சொன்னார்கள். விடுகிற ஜென்மமா அது.

ஒப்துலியாவின் புருஷன் நாட்டு எல்லை தாண்டி அந்தப் பக்கம் வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். போகும்போது ஒரு வெல்டிங் மெஷினையும் ஒரு கைக்குழந்தையையும் விட்டுப் போனான். "ரெண்டும் ஒரே மாதிரிதான், தொட்டா அலறும்" என்பாள். முதலில் வெங்காய டிரெய்லர்களின் ஒடிந்த ஆக்சில்களை ஒட்டினாள். அப்புறம் பண்ணைக்காரர்களின் பிக்கப் வண்டிகள். அப்புறம் பந்தயப் பிக்கப்புகள். எங்கள் பள்ளத்தாக்கில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. வருஷா வருஷம் பாலைவனப் பந்தயம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. புழுதி அடங்கியதும், ஒடிந்தது வளைந்தது எல்லாம் அவள் கொட்டகைக்குத்தான் வரும்.

பந்தயப் பிக்கப்பின் சக்கரம் உருண்டால் மட்டும் போதாது, ஏறி இறங்க வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை நீளமாக அடித்து, சக்கரம் ஒரு முழத்துக்கு மேல் போய்வர வழி செய்ய வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் அந்தச் சக்கரத்தைத் தூக்கி, இறக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எந்த இரும்பு எதோடு உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து அறுக்க வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும். இதையாவது வெல்டிங் தெரிந்த எவனும் முக்கி முனகிச் செய்துவிடுவான். பதம் வைப்பதுதான் கஷ்டம். ஷாக்கின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் குழாய்கள் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. உள்ளே இருக்கிற எண்ணெய் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திருகுகளின் கையில். ஒன்றைத் தப்பாக இறுக்கினால் வண்டி கழுதை மாதிரி பின்னால் உதைக்கும்.

அந்தப் பதத்தை ஒப்துலியா வலது இருக்கையில் உட்கார்ந்துதான் பார்ப்பாள்; எங்கள் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம். வண்டிக்குச் சொந்தக்காரன் ஓட்ட வேண்டும், அவள் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஏனம்மா இப்படி என்று கேட்டால், "ஓட்டுறவனுக்குப் பிடிச்சுக்க ஸ்டியரிங் இருக்கு. பள்ளம் வர்றதும் முன்னாடியே தெரியும். பக்கத்துல உக்கார்றவனுக்குப் பல்லைக் கடிக்கிறதைத் தவிர வேற என்ன இருக்கு? அவனுக்கு நோகாம இருந்தா அதுதான் பதம்" என்பாள். திமிர் பிடித்தவள் என்று பேர். திமிர் இருந்ததுதான். தான் பதம் வைத்த வண்டிகளில் பின் ஷாக் மாட்டியிருக்கும் குழாயின் உட்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் தன் பேரை எழுதிவைப்பாள். வெளியே தெரியாது, படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபெர்மின் ஒச்சூர்த்தே அவளுடைய கொம்பாத்ரே. அதாவது அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அவனுக்கு அவள் கொமாத்ரே. எங்களிடையே அது கூடப் பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். கொம்பாத்ரேயிடம் சண்டை போட்டால் சொந்த அம்மாகூட அவன் பக்கம்தான் பேசுவாள். வாரநாட்களில் டிராக்டர் ஓட்டுகிறவன், பந்தயம் வந்தால் வலது இருக்கைக்காரன். வழி சொல்ல, டயர் மாற்ற, எஞ்சின் சூட்டைப் பார்க்க, ஓட்டுகிறவனின் வசவை வாங்கிக்கொள்ள அவன்தான். அவனைக் கூப்பிடாத பந்தயக்காரன் கிடையாது. காரணம், அவனுக்கு வழி தெரியும் என்பது பாதி. மீதிப் பாதி, அவன் வாயைத் திறக்க மாட்டான். வலது இருக்கைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: வண்டிக்குள்ளே நடந்தது வண்டிக்குள்ளேயே. ஓட்டுகிறவன் அழுதாலும், வழியில் வாந்தி எடுத்தாலும், சாமியைக் கூப்பிட்டாலும் வெளியே ஒரு சொல் வரக்கூடாது. இதை ஃபெர்மின் பெரிய பெருமையாக வைத்திருந்தான்.

இனி ரோலாந்தோ வில்லரீனோ. என்செனாடா நகரத்தில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருக்கிறவரின் மகன். பக்கத்துத் திரினிதாத் பள்ளத்தாக்கில் அவர்களுக்குப் பண்ணை உண்டு. பையன் கெட்டவன் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். காசு உள்ளவன் பையன் எங்கேதான் கெட்டவனாக இருந்திருக்கிறான். அவன் பிக்கப்பை முன்சக்கரக் கையிலிருந்து பின் ஆக்சில் வரை கட்டியவள் ஒப்துலியா. வலது இருக்கையில் மூன்று வாரம் குலுங்கிக் குலுங்கிப் பதம் வைத்தவளும் அவளே. பந்தயத்தன்று ஃபெர்மின் அவனோடு போனான்.

வில்லரீனோ பண்ணைக்குப் பின்னாலேயே பந்தயப் பாதையில் ஒரு திமில்வரிசை இருக்கிறது. வருஷக்கணக்காக வண்டிகள் ஓடி ஓடி மண் மாட்டுத்திமில் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் குமிந்து கிடக்கும் இடம், இடுப்பளவு உயரம். அதில் போக ஒரே வழிதான். ஆக்சிலரேட்டரை அழுத்தின கால் அழுத்தினபடியே இருக்க வேண்டும், வண்டி திமில்களின் தலையைத் தொட்டுத் தொட்டு மிதந்து போகும். நடுவில் பயந்து காலை எடுத்தால் தொலைந்தது. மூக்கு அடுத்த திமிலில் குத்தும், பின்பக்கம் எழும்பும். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனாலும் மனிதனின் கால் இருக்கிறதே, அதற்கு மூளை சொல்வது கேட்காது. நல்ல நல்ல ஓட்டுநர்கள் எல்லாம் இதே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள். செய்ததாக ஒருத்தன்கூட ஒப்புக்கொண்டதில்லை.

ரோலாந்தோவின் வண்டி அந்த இடத்தில் மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கி, குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஃபெர்மினுக்கு முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல்.

ஆம்புலன்ஸ் போன புழுதி அடங்குவதற்குள் ரோலாந்தோ போனில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னான். "பின் ஷாக் உதைச்சிடுச்சுங்க. யாரையும் குத்தம் சொல்லலை. தோன்யா ஒப்துலியா ரொம்ப நல்லவங்க. வயசாச்சு, கை தவறிடுச்சு, அவ்வளவுதான்."

தோன்யா என்றால் எங்கள் பேச்சில் மரியாதைக்குச் சொல்லும் 'அம்மா'. அந்த 'ரொம்ப நல்லவங்க'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பரிதாபப்பட்டுவிட்டானாம், இவன், ஐஸ்கட்டிக்குப் பிறந்தவன்.

மறுநாளே வில்லரீனோ பண்ணைக்குப் போய், நசுங்கிக் கிடந்த வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பின் ஷாக்கின் கம்பியில் அவள் எப்போதும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வாரைச் சுற்றி வைப்பாள். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அதுவரை அந்த வார் தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். அது கோடிவரை போகவே இல்லை, நாலு விரல் மிச்சம் இருந்தது. ஆக, பின்பக்கம் தரைதட்டி உதைக்கவில்லை. முன்னால் பார்த்தால், கடைசி அடியைத் தாங்குவதற்கென்று வைத்த முட்டு இரண்டும் சப்பையாகிக் கிடந்தன. மூக்குதான் முதலில் குத்தியிருக்கிறது.

ரோலாந்தோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனியக்கூட இல்லை.

"நீங்க கட்டின வண்டி, நீங்க கட்டின வார். நீங்க என்ன வேணா காட்டலாம், தோன்யா."

"காலை எடுத்தியா, இல்லையா?"

"நானா? எத்தனை வருஷமா ஓட்டுறேன்."

"அதைக் கேக்கலை. காலை எடுத்தியா?"

"ஃபெர்மினையே கேளுங்க. அவர்தானே பக்கத்துல இருந்தார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவனுக்குத் தெரியும், ஃபெர்மினிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று.

ஃபெர்மின் வீட்டில் இடுப்புவரை கவசம் மாட்டி, தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஒப்துலியா ஒரு பாத்திரம் ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுபோயிருந்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கேட்டாள்.

"கொம்பாத்ரே, உங்க முதுகை உடைச்சது நானா?"

அவன் கரண்டியைத் துடைத்தான். துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தான்.

"என்ன கேள்வி இது, கொமாத்ரே."

"ஊரே கேக்குது. நான் கேக்கக் கூடாதா? அவன் காலை எடுத்தானா?"

"வண்டிக்குள்ள நடந்தது வண்டிக்குள்ளயே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா பழி வண்டிக்குள்ளயே நிக்கலையே, என் வீட்டு வாசலுக்கு வந்துடுச்சே. என் கையால என் பிள்ளையோட ஞானத்தகப்பன் முதுகை உடைச்சேன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் சொல்லிட்டா அப்புறம் எவன் என்னைப் பக்கத்துல உக்கார வெப்பான்?"

அவள் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் கதவை அவள் சாத்திய சத்தம் தெருமுனைக் கடை வரைக்கும் கேட்டதாம். அந்தக் கடைக்காரி தோன்யா குக்கா ஓடிவந்து சமாதானம் சொன்னாள். "போகட்டும் விடு ஒப்துலியா. பாவம், முதுகு ஒடிஞ்சு கிடக்கிறான்."

"ஒடிஞ்சது முதுகு. நாக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் ஒப்துலியா.

அந்தக் கோடை முழுக்க அவள் கொட்டகைக்கு ஒரு பந்தய வண்டியும் வரவில்லை. வெங்காய டிரெய்லர்கள் வந்தன. நேற்றுவரை அவள் காலடியில் ஸ்பேனர் பிடித்து நின்ற பயல்கள் எல்லாம் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். இதே ஜனங்கள்தான் அவள் பதம் வைத்த வண்டி ஜெயித்தபோது எங்கள் ஒப்துலியா, எங்கள் ஒப்துலியா என்று மார் தட்டினவர்கள். என்ன நெஞ்சோ. நான் சொல்கிறேன், வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்த ஓடிவரும் ஊர், ஆள் கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கத்தான் வரும்.

இலையுதிர் காலத்தில் ரோலாந்தோ வண்டியைச் சரிசெய்து முடித்து, பண்ணையில் இறைச்சி சுட்டு விருந்து வைத்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவழைத்த புது ஷாக்குகளை எல்லோருக்கும் காட்டுவதற்கென்றே அந்த விருந்து. புது ஷாக்குகள் மேஜைமேல் பெட்டிகளில் பளபளத்தன. வண்டிக்கு அடியில் இன்னும் ஒப்துலியா வைத்தவைதான் இருந்தன. அவற்றைக் கழற்றும் வைபவம் சாப்பாட்டுக்குப் பிறகு.

கூப்பிடாத விருந்துக்கு ஒப்துலியா போனாள், கையில் தன் பழைய ஹெல்மெட்டோடு. பாதிப் பேர் மெல்வதை நிறுத்தினார்கள்.

"ரோலாந்தோ, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம். அதே வண்டி, அதே ஷாக், அதே இடம். ஒரு திருகைக்கூட நான் தொடலை, உன் மெக்கானிக்கையே பார்க்கச் சொல்லு. நான் ஓட்டுறேன். நீ வலது பக்கம் உக்காரு."

"எதுக்கு இந்த வம்பு, தோன்யா? சாப்பிடுங்க முதல்ல."

"என் ஷாக் உதைக்கும்னு நீதானே சொன்னே. உதைக்கட்டும், இவங்க எல்லாரும் பார்க்கட்டும். கவிழ்ந்தா நான்தானே ஓட்டினேன், பழியும் எனக்குத்தானே?"

கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏன் ரோலாந்தோ, அந்தப் பக்கத்துச் சீட்ல முள்ளா இருக்கு?" என்றான். சிரிப்பு எழுந்தது. ஐஸ் ஃபாக்டரிக்காரர் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, "போடா, போய் உக்காரு" என்று மகனிடம் சொன்னார். அப்பா சொன்ன பிறகு அவனால் மறுக்க முடியவில்லை.

ஏறும்போது அவன் ஒரு காரியம் செய்தான். வண்டி ரேடியோவின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "இனி நாங்க பேசுறதெல்லாம் உங்களுக்குக் கேக்கும். உதைக்கிறப்போ சொல்றேன், கேட்டுக்கங்க" என்றான். பாதையோரக் கரையில் ஒரு பிக்கப்பின் கதவைத் திறந்துவைத்து ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு, கவசம் மாட்டிய முதுகோடு ஃபெர்மினும் நின்றான்.

முதல் தடவை ஒப்துலியா அழுத்திய காலை எடுக்கவே இல்லை. சக்கரங்கள் கீழே படபடவென்று ஏறி இறங்க, வண்டியின் உடம்பு மட்டும் கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. ரேடியோவில் எஞ்சின் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. "என்ன ரோலாந்தோ, தூங்கிட்டியா?" என்று கரையில் யாரோ கேட்டார்கள்.

கோடியில் திருப்பினாள். இரண்டாவது தடவை பாதி வேகத்தில்தான் வந்தாள். பாதி வேகம் என்றால் எவ்வளவு எழும்பும், எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நடுவில், அன்றைக்கு வண்டி கவிழ்ந்த அதே இடத்தில், காலை எடுத்தாள்.

மூக்கு இறங்கிக் குத்தியது. பின்பக்கம் எழும்பியது. ரேடியோ அலறியது.

"காலை எடுக்காதே! ஐயோ, காலை எடுக்காதே, நடுவுல காலை எடுத்தா குப்புற அடிச்சிடும்டி, பைத்தியக்காரி!"

அவள் மறுபடி அழுத்தினாள். வால் கீழே வந்தது, வண்டி நிமிர்ந்து, நாலு திமில் தாண்டி நின்றது. பொத்தானைப் பிடித்த அவன் விரல் பயத்தில் இறுகிப்போய் இன்னும் அதன் மேலேயே இருந்தது. அதனால் அவள் நிதானமாகக் கேட்டதும் கரைக்குக் கேட்டது.

"உதைக்கிறது என் ஷாக்தானே ரோலாந்தோ? காலை எடுத்தா குப்புற அடிக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

ரேடியோவில் மூச்சு வாங்கும் சத்தம்தான் வந்தது.

கரையில் ஃபெர்மின் ரேடியோவின் மைக்கை எடுத்தான். "நான் சொன்னேன்" என்றான். "அன்னிக்கு அதே இடத்துல, இதே வார்த்தையைச் சொல்லித்தான் நான் கத்தினேன். இவன் காலை எடுத்துட்டான்."

ஐஸ் ஃபாக்டரிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். அவரோடு விருந்தும் முடிந்துவிட்டது. ஒப்துலியா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியதும் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. எனக்கு அப்பவே தெரியும் என்றார்கள், நான் அன்னைக்கே சொன்னேனே என்றார்கள். வாட்ச்மேன் கைகொடுக்க வந்தான். அவள் கையை ஹெல்மெட்டிலிருந்து எடுக்கவில்லை.

ஃபெர்மின் மெதுவாக நடந்து வந்தான். கண் கலங்கியிருந்தது.

"சொல்லிட்டேன் கொமாத்ரே. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"அவன் வாயாலயே வந்த பிறகு சொன்னீங்க."

"என் பிழைப்பு..."

"என் பிழைப்பும் அதுலதான் இருந்துச்சு. கோடை முழுக்க நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். பிறகு, "கொஞ்சம் வழி விடுங்க, ஃபெர்மின்" என்றாள்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். எங்கள் ஊரில் கொம்பாத்ரேயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது செவிட்டில் அறைவதற்குச் சமம். அவன் வழி விட்டான்.

பந்தய வண்டிகள் எல்லாம் அவள் கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டன. ரோலாந்தோவினுடையது மட்டும் வரவில்லை. குளிர்காலம் முடிகிற சமயம் ஃபெர்மின் தன் சொந்தப் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்தான். மண்ரோட்டில் ஓட்டினால் முதுகு வலிக்கிறது என்றான். ஒப்துலியா ஷாக்குகளைக் கழற்றி, பிரித்து, எண்ணெய் மாற்றி மாட்டினாள். அவனை ஓட்டச் சொல்லி, தான் வலது பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பி வந்து மறுபடி கழற்றி இன்னும் இளக்கினாள். மறுபடி போய்வந்தார்கள். ஒடிந்த முதுகுக்கு எது நோகாதோ அந்தப் பதம் வரும்வரை அவள் விடவில்லை. வேலையில் அவள் யாரையும் வஞ்சித்ததில்லை.

"இப்ப வலிக்குதா?"

"துளிகூட இல்லை, கொமாத்ரே" என்றான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி நின்றான். எதற்காக நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"பார்த்து ஓட்டுங்க, ஃபெர்மின்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள்.